நாணமும் நோயும்

உயிரியல் வகுப்பில் இதயத்தைப் பற்றிய பாடம் வந்தால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இனப்பெருக்க மண்டலத்தைப் பற்றிய பாடம் வந்தால் தலை குனிவார்கள். ஆசிரியர்களிலும் சிலர், "இதை வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றிய நான் பன்முறை கண்டது இது. இன்று அந்தப் பாடத்தையே உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன். நாணம் நல்லொழுக்கத்திற்கு அணிகலன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நோயை மறைக்கும் திரையாகிவிட்டால், உடலுக்கே பகையாகிவிடுகிறது.

முதலில் ஆணின் உறுப்புகளைக் காண்போம். விந்தணுக்களை உண்டாக்குபவை இரண்டு விந்தகங்கள். வழக்கில் இவற்றை விதைகள் என்கிறோம். கருவில் வளரும் குழந்தைக்கு இவை வயிற்றினுள்ளேயே தோன்றுகின்றன. பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்க் கீழிறங்கி விதைப்பையை அடைகின்றன. இந்தப் பயணம் எதற்காக? உடலின் உள்வெப்பம் விந்தணு ஆக்கத்திற்கு ஏற்றதன்று. விதைப்பையிலோ வெப்பம் 2 அல்லது 3 டிகிரி குறைவாக இருக்கிறது. சில ஆண் குழந்தைகளுக்கு விந்தகம் இறங்காமல் உள்ளேயே நின்றுவிடுவதுண்டு. பிறந்து 6 மாதம் ஆகியும் இறங்கவில்லையெனில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவை செய்து அதை உரிய இடத்தில் அமைத்துவிடலாம். கவனியாமல் விட்டால் பிற்காலத்தில் விந்தணு ஆக்கம் குறையக்கூடும். புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகும்.

இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய நோய் ஒன்றுண்டு. விந்தகத்தைத் தாங்கி நிற்கும் நாண், கயிறு முறுக்கிக்கொள்வதுபோல் திடீரெனத் திருகிக்கொள்ளும். அந்த நாணின் வழியாகவே இரத்தக் குழாய்கள் செல்வதால், விந்தகத்திற்கு இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. இது 12 வயது முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. திடீரென்று கடும் வலி, வீக்கம், வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு அடிவயிற்றில் மட்டுமே வலி தோன்றுவதும் உண்டு. 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்தால் உறுப்பைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கழிந்துவிட்டால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இரவில் வலி தோன்ற, "அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?" என்று எண்ணி விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் சிறுவன், அந்தச் சில மணி நேரத்தில் ஓர் உறுப்பையே இழக்கக்கூடும்.

இனிப் பெண்ணின் உறுப்புகளுக்கு வருவோம். கருப்பை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு தசைப் பை. அதன் இருபுறமும் கருக்குழாய்கள். அவற்றை அடுத்துச் சினைப்பைகள். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் முதிராத முட்டைகள் பல லட்சம் இருக்கின்றன. அவற்றுள் வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ 400 மட்டுமே. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள இம்முட்டை கருக்குழாயில் விந்தணுவைச் சந்தித்தால் கரு உருவாகிறது. அக்கருவை ஏற்பதற்காகக் கருப்பையின் உட்சுவர் ஒவ்வொரு மாதமும் தடித்து வளர்கிறது. கரு வந்து தங்காவிட்டால் அந்த உட்படலம் உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். வரவிருந்த விருந்தினருக்காக விரித்த பாயைச் சுருட்டி வைப்பது போன்றது அது. இதில் தீட்டு எங்கே இருக்கிறது?

மாதவிடாயின்போது ஓரளவு வலி இயல்பே. கருப்பைத் தசை சுருங்குவதால் அது உண்டாகிறது. ஆனால் மாதந்தோறும் பள்ளிக்கு வர முடியாதபடி வருத்தும் வலியும், ஆண்டுக்கு ஆண்டு மிகும் வலியும் இயல்பல்ல. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு வேறிடங்களில் வளர்வதும் அதற்குக் காரணமாகலாம். குருதிப்போக்கு 7 நாட்களுக்கு மேல் நீடித்தால் இரத்தசோகை வந்து சேரும். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி முன்பின்னாக இருப்பது உண்டு. அதன் பின்னரும் மாதக் கணக்கில் தள்ளிப்போய், முகத்தில் மயிர் வளர்ச்சியும் பருக்களும் மிகுந்தால், சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். இவற்றைத் தணிக்க மருத்துவம் உண்டு. "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்ற பேச்சு எந்த நோய்க்கும் மருந்தாகாது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒருவகை வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸைத் தடுக்கும் ஊசி 2006 முதல் உலகில் வழக்கத்திற்கு வந்துள்ளது. 9 வயது முதலே அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆயினும் உறுப்பின் பெயரைச் சொல்லவே கூசும் வீட்டில், தடுப்பூசியைப் பற்றிய பேச்சு எப்படி எழும்?

நம் மொழி வழக்கிலுள்ள ஓர் அநீதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். "மலடி" என்ற சொல்லை ஊரில் கேளாதவர் இல்லை. அதற்கு ஆண்பாற் சொல்லோ அரிதாகவே காதில் விழுகிறது. அறிவியல் கூறுவது வேறு. மகப்பேறின்மையால் வருந்தும் இணையர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ, குறை ஆணிடம் இருக்கிறது. ஆணுக்குரிய முதற்சோதனை மிக எளிது: விந்தைக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பதே. அதற்கு உடன்படாத கணவன்மார் உண்டு. அவர்களின் மனைவியரோ பல ஆண்டுகள் பல மருத்துவமனைகளில் காத்துக் கிடக்கிறார்கள்.

பெண் குழந்தையே பிறக்கிறது என்று தாயைப் பழிப்பதும் இத்தகையதே. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1905ஆம் ஆண்டில் ஒருவகை வண்டினத்தை ஆராய்ந்து, பாலினத்தை நிருணயிப்பது ஆணின் விந்தணுவில் உள்ள குரோமோசோமே என்று காட்டினார். மனிதரிடத்தும் அப்படியே. தாயின் முட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ். தந்தையின் விந்தணு கொண்டுவருவது எக்ஸ் ஆனால் பெண், ஒய் ஆனால் ஆண். இந்த உண்மை வெளியாகி நூறாண்டுகளுக்கு மேலாகியும், பழி இன்னும் மருமகளின் தலையிலேயே விழுகிறது.

மாணவச் செல்வங்களே, இந்தப் பாடத்தைத் தலை நிமிர்ந்து படியுங்கள். உறுப்புகளின் பெயர்களைக் கேலியின்றிச் சொல்லப் பழகுங்கள். உடலில் வலியோ, கட்டியோ, மாறுதலோ தோன்றினால் தாயிடமோ, தந்தையிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். நண்பர்களின் காதோடு காதான பேச்சையும் சுவரொட்டி வைத்தியரையும் நம்பாமல், அரசு மருத்துவமனையை நாடுங்கள். பல்வலியைச் சொல்ல நாம் வெட்கப்படுவதில்லை. இந்த வலியையும் அப்படியே சொல்ல உங்கள் தலைமுறை கற்றுக்கொள்ளட்டும்.