திரும்பி வந்த தட்டு



நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் டிசம்பர் 20 தாண்டினாலே பாசிப்பயறு வறுக்கும் வாசம் வந்துவிடும். அம்மா கருப்பட்டிப் பாகு சேர்த்து முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிப்பார். அப்பா மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டுவார். கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது என் வேலை.

தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். சிலர் சர்க்கரை வைப்பார்கள், சிலர் வாழைப்பழம். ஒருமுறை தெருக்கோடிப் பாட்டி ஒரு பிடி முருங்கைக்கீரை வைத்துத் தந்தார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று மதியமே கோழிக்கறியோடு அந்தக் கீரையையும் சமைத்துப் பரிமாறினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் 6ஆம் வகுப்பில் பெயர்ச்சீட்டு குலுக்கிப் பரிசு பரிமாற ஏற்பாடு செய்தேன். 20 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்றேன். நியாயமான தொகை என்றே நினைத்தேன். விழா நாளில் ஒரு மாணவி வரவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்றாள். 20 ரூபாய் இல்லை என்பதை அவள் தோழிதான் மெதுவாகச் சொன்னாள். அந்த முருங்கைக்கீரையை நான் வகுப்பறையில் மறந்திருந்தேன்.

மறு ஆண்டு, காசு கொடுத்து வாங்கிய எதுவும் கூடாது என்றேன். அதே மாணவி பனையோலைக் காற்றாடி செய்து வந்தாள். செய்முறை கேட்டுப் பாதி வகுப்பு அவளைச் சூழ்ந்து நின்றது.

உங்கள் பள்ளியிலும் விழாக்கள் வரும். பரிசுக்கு ஒரு தொகையைச் சொல்லும் முன், அன்று எந்தப் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.