கருவறைக்குள் கேட்கும் இசை



செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், மறைகளே மலையாகி நின்றன என்று ஆன்றோர் போற்றும் திருக்கழுக்குன்றத்திலே, அருள்மிகு திரிபுரசுந்தரி அம்மையின் ஆடிப்பூரப் பெருவிழாவில் நாம் கூடியிருக்கிறோம். ஆடிப்பூரத்தன்று அம்பிகைக்கு வளையல் சாத்துவதும், அவ்வளையலைக் கருவுற்ற பெண்டிரும் மகப்பேறு வேண்டுவோரும் பிரசாதமாகப் பெற்று அணிவதும் சிவாலயங்கள் பலவற்றில் காணும் வழக்கம். உலகுக்கெல்லாம் அன்னையாகிய அவளுக்கே வளைகாப்பு நடத்தி மகிழ்கிறது நம் மரபு. ஆதலின், வயிற்றிலுள்ள மகவுக்கு இசை கேட்பித்தல் பற்றி இத்திருநாளில் சிந்திப்பது பொருத்தமேயாகும்.

கரு கேட்கும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. தாய் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் பிரகலாதன் என்கிறது புராணம். இத்தலத்திலே காட்சி பெற்றுப் பதிகம் பாடிய மணிவாசகப் பெருமான், தில்லையில் அருளிய போற்றித் திருவகவலில், கருவானது திங்கள்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பிப் பிழைக்கிறது என எண்ணிக் காட்டுகிறார். கருவிலுள்ளதும் காக்கப்பட வேண்டிய ஓர் உயிர் என்னும் பரிவு அப்பாடலில் நிறைந்துள்ளது.

இக்கால மருத்துவ நூலார் கூறுவதையும் கேட்போம். 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில், ஓசை கேட்டால் கரு அசைவதும் அதன் நெஞ்சத்துடிப்பு மாறுவதும் புலனாகின்றன. ஏறத்தாழ அக்காலத்தில்தான் பல இல்லங்களில் ஏழாம் மாத வளைகாப்பு நிகழ்கிறது. மாமல்லபுரத்துக் கடலில் மூழ்கி நிற்பவனுக்குக் கரையில் முழங்கும் மேளம் எவ்வாறு கேட்கும்? முழக்கம் மங்கலாக வந்து சேரும்; நுண்ணிய மேலோசைகள் தேய்ந்துபோகும். நீர்க்குடத்துள் உறையும் மகவின் நிலையும் அத்தகையதே. ஆயின் தாயின் குரலோ அவள் உடலின் எலும்பு, தசை ஆகியவற்றின் வழியாகவும் செல்லுதலின், வெளியொலிகள் யாவற்றினும் நன்றாக அதற்கு எட்டுகிறது.

1980-இல் டி கேஸ்பர், ஃபைஃபர் என்னும் இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழந்தைகள், பிற மாதர் குரலைவிடத் தம் தாயின் குரலையே நாடிச் சூப்பானைச் சுவைக்கும் முறையை மாற்றிக்கொண்டன. 1986-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பேற்றுக்கு முந்திய ஆறு வாரங்களில் தாய் நாள்தோறும் உரக்கப் படித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளங்கண்டு விரும்பியது தெரியவந்தது.

இவ்வளவே மெய். இதற்குமேல் கூறப்படுவனவற்றை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். இன்ன இசையைக் கேட்பித்தால் பிள்ளை பேரறிவாளனாகும் என்று கூறிக் கருவிகளை விற்போர் உளர். அந்நம்பிக்கையின் தோற்றுவாய் யாது? 1993-இல் 36 கல்லூரி மாணவர்களிடம் நிகழ்த்திய சோதனை ஒன்றேயாம். மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் அவர்களது ஒருவகைத் திறன் சற்றே உயர்ந்தது. கால் மணி நேரத்துக்குள் அது மறைந்தும் போயிற்று. கருவையோ கைக்குழந்தையையோ அவர்கள் சோதிக்கவில்லை. அவ்வாறிருந்தும், பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் அரசுப் பணம் கோரினார்!

இதனால் விளையும் துன்பம் யாது? "நீ இசை கேட்கவில்லை, அதனால்தான் பிள்ளை மந்தமாயிற்று" என்று ஒரு தாயைப் பழிக்கும் சொல் பிறக்கிறது. இக்கடற்கரையில் மீன் கூடை சுமந்து செல்லும் தாய்க்குக் கருவி வாங்கப் பொருளில்லை. ஆயினும் அவள் பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை. வேலையினூடே அவள் முணுமுணுக்கும் பாட்டு அப்பிள்ளைக்குப் போதும். பேச இயலாத தாயும் குறையுடையவள் அல்லள், உடனிருப்போர் பாடட்டும்.

மற்றொன்றும் உண்டு. வயிற்றின்மேல் ஒலிக்கருவியை வைத்து உரக்க இசைத்தல் வேண்டா. பேரிரைச்சல் கருவின் செவிக்குத் தீங்கு செய்யக்கூடும். நம் திருவிழாவிலும் ஒலிபெருக்கிக்கும் அதிர்வெடிக்கும் அருகில் கருவுற்றோரை நிறுத்தாது, அகன்ற இடத்தில் அமரச் செய்வது அடியார்களாகிய நம் கடமை. கோயிற் கருவறை முன் கூச்சலிடாத நாம், உயிர்வளரும் இக்கருவறை முன்னும் அவ்வடக்கத்தைக் காட்டவேண்டாமா?

தாய்மார்களே! குரல் இனிதா என்று நோக்காமல், தெரிந்த தேவாரத்தையோ தாலாட்டையோ பாடுங்கள். மாமியார்களே! கணவன்மார்களே! அவள் பாட வேண்டுமாயின் அவள் நெஞ்சம் அமைதியுற வேண்டும். அவளுக்கு உணவும் உறக்கமும் இன்சொல்லும் அளிப்பதும், காலந்தவறாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் உங்கள் பங்கு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சோமாஸ்கந்தத் திருவுருவில் அம்மை மட்டும் குழந்தையோடு இல்லை; அப்பனும் அருகே வீற்றிருக்கிறான். மகவைப் பேணுதல் இருவர் கடன் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்று வளையல் பெறும் பெண்டிர் யாவரும் நலமே ஈன்று புறந்தர, அன்னை திரிபுரசுந்தரியின் திருவடிகளை வணங்கி அமைகிறோம்.

திருச்சிற்றம்பலம்.