மாடி வீட்டில் மல்லிகை



"செடி தழதழவென்று வளர்ந்திருக்கிறது. இலையெல்லாம் கரும்பச்சை. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால் ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லையே!" மல்லிகை வளர்க்கும் தாய்மார்கள் பலர் இப்படிக் குறைபட்டுக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். இந்தக் குறையின் காரணம் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவதுதான் காரணம்.

மல்லிகை வெயிலை விரும்பும் செடி. அதைவிட முக்கியமானது, இடையிடையே காய்ச்சலைக் கேட்கும் செடி. மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழைதான். அங்குள்ள விவசாயிகள் கார்த்திகை மாத வாக்கில் செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். செடி சற்று வாடியதும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, அதாவது சுமார் 50 சென்டிமீட்டருக்கு, கவாத்து செய்து, மீதமுள்ள இலைகளையும் உருவிவிட்டு, எரு வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அதன் பிறகு துளிர்க்கும் கிளைகளின் நுனியில்தான் மொட்டு வரும். மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. புதுத் தளிரில்தான் பூக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

நம் நாட்டிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெர்லிஸ், கெடா மாநிலங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் நல்ல வறட்சி கிடைக்கிறது. அவர்கள் செடியைத் தரையிலேயே வைத்து அந்தச் சமயத்தில் கவாத்து செய்யலாம். மற்ற இடங்களில் தரையில் வைத்த செடிக்கு ஓய்வே கிடையாது. களிமண் தரையாக இருந்தால் வேர் எப்போதும் ஈரத்தில் நின்று, இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே, தோட்டமுள்ள வீட்டுக்காரரைவிட அடுக்குமாடி வீட்டுக்காரர் இந்த ஒரு செடி விஷயத்தில் கொடுத்துவைத்தவர் என்றே சொல்வேன். மழை படாத நடைபாதை ஓரம், ஒரு மண்சட்டி, ஊற்றினால் ஈரம், ஊற்றாவிட்டால் வறட்சி. மதுரையின் பருவத்தை அவர் கையிலேயே வைத்திருக்கிறார்.

வெயில்தான் அவருக்குச் சோதனை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேலே நிற்கும். கூரை அதை மறைத்துவிடும். காலை வெயிலோ மாலை வெயிலோதான் சாய்வாக உள்ளே வரும். கிழக்கு அல்லது மேற்கு பார்த்த நடைபாதை நல்லது. தெற்கு பார்த்த வீட்டில் டிசம்பரை ஒட்டியும், வடக்கு பார்த்த வீட்டில் ஜூனை ஒட்டியும் வெயில் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் சிறப்பு. நான்கு மணி நேரமும் கிடைக்காத இடத்தில் மல்லிகை வைத்து மனம் நோக வேண்டாம். வேறு செடி வையுங்கள்.

செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. மல்லிகை இங்கே விதை பிடிப்பது அரிது; கிளை வைத்தோ பதியன் போட்டோதான் பெருக்குகிறோம். அண்டை வீட்டில் நன்றாகப் பூக்கும் செடி இருந்தால், மிக முற்றாத, மிக இளசாகவும் இல்லாத கிளையில் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்குங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வையுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். மலாய்க்காரர்கள் மெலூர் என்று சொல்லும் ஓரடுக்கு மல்லிகை விரைவில் பூக்கும். ரோஜாவைப் போல் உருண்டு தோன்றும் அடுக்கு மல்லிகை பார்க்க அழகு, ஆனால் பூ குறைவு. முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

சட்டி ஓரடி வாய் அகலம் இருக்கட்டும். அடித்துவாரத்தை ஓட்டுச் சில்லால் மூடி, தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் ஊற்றாதீர்கள், காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். கோழி எருவை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் மிகும்.

செடி நன்றாக வேரூன்றி ஆறேழு மாதமான பிறகு, ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். பிற்பகலில் இலை லேசாகத் தொங்க வேண்டும். செடி கருகிவிடக் கூடாது. பிறகு பாதியளவுக்கு வெட்டி, இலைகளை உருவி, மேல்மண்ணைக் கிளறி, எருவும் கொஞ்சம் எலும்புத்தூளும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மொட்டு தெரியும். பூத்து முடிந்த நுனிகளை அவ்வப்போது கிள்ளிவந்தால் அடுத்த தளிர் வரும்.

மொட்டு ஊதா நிறமாக மாறி, விரியாமலே உதிர்ந்தால் அது பெரும்பாலும் மொட்டு ஈயின் வேலை. அதன் புழு மொட்டுக்குள் இருந்து தின்று, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அத்தகைய மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டி எறியுங்கள்; சட்டியில் விழவிடாதீர்கள். இலை வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். காய்ந்த மாடிகளில் இது மிகுதி. இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அது சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரத்தளவில் கொசுவாகப் பறந்துவிடும். டெங்கி உயிரைப் பறிக்கும் காய்ச்சல். வீட்டில் கொசு பெருக இடம் கொடுப்பதைத் தண்டிக்கச் சிங்கப்பூரில் 1968-இலும் மலேசியாவில் 1975-இலும் சட்டம் இயற்றினார்கள். சட்டத்துக்கு அஞ்சுவதைவிடப் பிள்ளைகளுக்கு அஞ்சுங்கள். தட்டே வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் மீது சொட்டுகிறதென்றால், ஊற்றிய அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள். இறுகிப்போன மேல்மண்ணிலும் தண்ணீர் தேங்கும், அதையும் கிளறிவிடுங்கள். சிங்கப்பூர் நேயர்கள் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டே சட்டிகளை வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பது கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து.

மொட்டு நன்றாகப் பருத்து, பால் வெள்ளையானதும் மாலையில் பறியுங்கள். இரவில்தான் விரியும், அப்போதுதான் மணம் எழும். ஒரு சட்டியில் சரம் தொடுக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. சாமிப் படத்துக்கு ஒரு கைப்பிடி, மகளின் கொண்டைக்கு நாலு பூ, அதுதான் கணக்கு. மூன்று நான்கு சட்டி இருந்தால் சிறு சரம் வரும். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் பூ தீபாவளி நேரத்தில் என்ன விலை விற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நாட்காட்டியை எடுத்துத் தீபாவளியிலிருந்து ஏழு வாரம் பின்னோக்கி எண்ணி, அந்த வாரம் தண்ணீரைக் குறைக்கத் தொடங்குங்கள். அடுத்த வாரம் கத்தரிக்கோலை எடுங்கள்.