இல்லறத்திற்கும் துறவறத்திற்கும் இடையே
(விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அறத்தை இல்லறம், துறவறம் என இரண்டாகக் கூறுவது வழக்கம். இவ்விரண்டிற்கும் இடையே படிகள் உண்டு என்பதைச் சாவகர்க்குரிய பதினொரு நிலைகளைப் பயின்ற நாம் நன்கறிவோம். பௌத்தத்திலும் அத்தகைய இடைநிலையினர் உளர். அவர்களைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

மஜ்ஜிம நிகாயத்தில் கடீகாரர் என்னும் குயவரின் வரலாறு உள்ளது. அவர் காசியப புத்தரின் அடியவர், பிரமசரியம் காத்தவர், பொன்னையும் வெள்ளியையும் துறந்தவர். குயவராயினும் நிலத்தைத் தோண்டமாட்டார். இடிந்து வீழ்ந்த கரைமண்ணையும் எலிகள் வெளித்தள்ளிய மண்ணையுமே கொண்டு கலம் வனைவார். கலங்களை வெளியே வைத்துவிடுவார். வேண்டுவோர் அரிசியோ பயறோ வைத்துவிட்டு, விரும்பியதை எடுத்துச் செல்லலாம். சிற்றுயிர்க்கும் இரங்கும் நம் மரபினர்க்கு இவ்வொழுக்கம் புதிதன்று.

இத்தகையவர் ஏன் துறவு பூணவில்லை என நண்பர் சோதிபாலர் வினவினார். கண்ணிழந்த முதிய பெற்றோரைத் தாம் பேணிவருவதை நினைவூட்டினார் கடீகாரர். சோதிபாலர் துறவியானார், குயவர் இல்லத்திலேயே இருந்தார். ஆயினும், தன்னினும் சிறந்த தொண்டர் உளரோ எனக் காசி மன்னன் கேட்டபோது, காசியப புத்தர் எடுத்துக்காட்டியது அக்குயவரையே.

அண்மைக் காலத்தில் இந்நிலையை மேற்கொண்டவர் இலங்கையின் அநகாரிக தர்மபாலர். 'அநகாரிக' என்றால் இல்லம் அற்றவர். 1864இல் கொழும்பில் பிறந்த அவர், 1891இல் மகாபோதி சங்கத்தை நிறுவினார். 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் நம் சமயத்தின் சார்பில் வீர்சந்த் காந்தி உரையாற்றியபோது, பௌத்தத்தின் சார்பில் அங்கு நின்றவர்களுள் இவரும் ஒருவர். பிக்குவாக முழுத் துறவு ஏற்றது, மறைந்த 1933ஆம் ஆண்டில்தான்.

ஆனால் இந்நிலை எல்லோர்க்கும் விருப்பத்தால் வாய்த்ததன்று. தேரவாத நாடுகளில் பிக்குணிச் சங்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயிற்று. தாய்லாந்தில் பெண்களுக்குத் துறவு அளிக்கலாகாது என 1928இல் சங்கத் தலைவர் ஆணையிட்டார். ஆகவே துறவை நாடிய பெண்கள் பலர் தலைமழித்து, அங்கு வெண்ணிற ஆடையில் எட்டுச் சீலங்களையும், இலங்கையில் மஞ்சள் ஆடையில் பத்துச் சீலங்களையும் காத்துவருகின்றனர். வீட்டைத் துறந்தும் சங்கத்துள் இடம்பெறாமல் வாயிலிலே நிற்கும் நிலை இது. நம் மரபிலோ ஆரியாங்கனைகளுக்குச் சங்கத்தில் இடம் உண்டு. அதன் அருமையை நாம் உணர வேண்டும்.

அன்பர்களே, முதிய பெற்றோரைப் பேணுவதற்காக வீட்டிலேயே தங்கி, விரதம் பிழையாது வாழ்வோர் நம் ஊர்களிலும் உளர். முனிவரை வணங்கும் நாம், அவர்களையும் மறவாது போற்றுவோமாக.

வாழ்க அறம்! வளர்க அருள்!