கடல் கடந்த நிகாஹும் நம் தஃப்தரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுக் கூட்டம் என்றால் வரவு செலவும், மையவாடிச் சுவரும், சந்தா பாக்கியும் பேசப்படும். இம்முறை நிர்வாகிகள் என்னிடம் வேறொரு பொருளைத் தந்துள்ளார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெண் கொடுப்பது, வெளிநாட்டவரை மணந்து இங்கே அழைத்து வருவது ஆகியவற்றில் நாம் கவனிக்க வேண்டியவை யாவை என்பதே அது. நிகாஹ் ஒரு மணி நேரத்தில் நிறைவேறிவிடுகிறது. அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ எத்தனை மாதம், எத்தனை ஆண்டு ஆகும் என்பதை மஹர் பேசும்போது எவரும் பேசுவதில்லை.

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் நிகாஹை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் அபிசீனியாவில் இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ மதீனாவில். நஜாஷி மன்னர் அந்த நிகாஹை நடத்தி, மஹரையும் தம் செல்வத்திலிருந்தே கொடுத்து, ஷுரஹ்பீல் இப்னு ஹஸனா (ரலி) அவர்களைத் துணையாக்கி அன்னையை மதீனாவுக்கு அனுப்பி வைத்தார். மணமக்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும்போது வக்கீல் மூலம் நிகாஹ் செய்யலாம் என்பதற்கு ஆலிம்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் இன்றைய அரசுகள் நமக்கு நஜாஷிகள் அல்ல.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தையே பாருங்கள். மணமக்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் இல்லாமல் நடந்த திருமணத்தை வைத்து எவரையும் கணவன் என்றோ மனைவி என்றோ அது ஏற்பதில்லை. திருமணத்திற்குப் பின் இருவரும் கூடி இல்லறம் நடத்தியிருந்தால் மட்டுமே ஏற்கும். செல்பேசியில் கபூல் சொன்ன மாப்பிள்ளை பின்னர் ஊருக்கு வந்து மனைவியோடு வாழ்ந்திருக்க வேண்டும்; அதற்கான பயணச் சான்றுகளும் கையில் இருக்க வேண்டும். இல்லையேல் ஷரீஅத்தில் கூடிய நிகாஹ் தூதரகத்தில் கூடாது.

அடுத்து, பெண்ணின் வலீமார்களுக்குச் சொல்கிறேன். "மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார்" என்பது ஒரு தகவலே ஆகாது. எந்த அனுமதிச் சீட்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். அங்கே ஒர்க் பர்மிட்டில் உழைப்பவர் மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள இயலாது. அதற்கு மேற்பட்ட பாஸ் உள்ளவருக்கும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் என்ற வரம்பு உண்டு. ஒர்க் பர்மிட்டில் உள்ளவர், அல்லது முன்பு அதில் இருந்தவர், சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் அந்நாட்டு மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். நிகாஹை இங்கே நம் பள்ளியில் வைத்தாலும் அவ்விதி பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் சம்பளம் இருந்தால்தான் குடும்ப விசா. பிரிட்டனில் மனைவியை அழைக்கும் கணவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் என்று 2012 முதல் இருந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. பெண்ணும் தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். இவற்றைக் கேட்பது மாப்பிள்ளை வீட்டாரை அவமதிப்பதாகாது. சம்பளத்தைக் கேட்க வெட்கப்பட்டு, சீரை மட்டும் வெட்கமின்றிப் பேசும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனி நம் தஃப்தருக்கு வருகிறேன். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனுக்கே அத்தனை நீளமான கட்டளை என்றால் நிகாஹை எப்படி எழுத வேண்டும்! அண்டை ஊர்த் தந்தை ஒருவர் தம் மகளின் விசா விண்ணப்பம் திரும்பிவிட்டதென்று என்னிடம் வந்தார். அவ்வூர்த் தஃப்தரில் மாப்பிள்ளையின் பெயர் வீட்டில் அழைக்கும் பெயராக இருந்தது. தேதி ஹிஜ்ரியில் மட்டும் இருந்தது. பெண்ணின் பெயரோ பள்ளிச் சான்றிதழில் பாத்திமா பீ, ஆதாரில் பாத்திமா பீவி, தஃப்தரில் பாத்திமுத்து. மூன்றும் ஒரே பெண் என்று மெய்ப்பிக்க அந்தக் குடும்பம் ஏழு மாதம் அலைந்தது. முஹம்மது என்ற முபாரக்கான பெயரையே நம்மவர் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தஃப்தரின் நகல் மட்டும் போதாது. எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதியப்பட வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. நிகாஹ் முடிந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. நாம் எல்லையோரத்தில் வாழ்பவர்கள். நகரியில் பெண் வீட்டில் நடந்த நிகாஹுக்கு ஆந்திரத்தின் 2002ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள். பதிவுச் சான்றிதழ் வந்தபின் மாநில அரசின் சான்றொப்பமும், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் பெற வேண்டும். அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005இலும் சவூதி அரேபியா 2022இலும் இணைந்தன. இணையாத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவை.

வெளிநாட்டவரை மணந்து இங்கே வாழ விரும்புவோருக்கும் சில செய்திகள். பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்த பிறகே அவர் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நிகாஹ் நடந்து பல ஆண்டானாலும் பதிவு இல்லையேல் விண்ணப்பம் இல்லை. அவரோ, அவருடைய பெற்றோர், பாட்டன் பாட்டிமாரோ பாகிஸ்தான் அல்லது வங்காளதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் அந்த அட்டை கிடையாது. அட்டை பெற்ற அயல்நாட்டுக் கணவர், இத்திருமணம் நிலைத்திருக்கும்போதே இன்னொரு நிகாஹ் செய்தால் அட்டையை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. தலாக் ஆனாலும் அவ்வாறே. இந்தியக் குடியுரிமைக்கு ஏழு ஆண்டு வாசம் தேவை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானியர்களின் விசாக்கள் ரத்தானபோது, நீண்டகால விசா பெற்றிருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குறுகியகால விசாவில் வந்திருந்த மனைவிமார்கள் அட்டாரி எல்லையில் கணவரையும் பிள்ளைகளையும் பிரிந்து நின்றதை நாடே பார்த்தது.

மனத்தை உறுத்தும் மற்றொன்று நமக்கு வெகு அருகில் இருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. போர்க் காலத்தில் பாஸ்போர்ட் இன்றிப் படகேறி வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் "சட்டவிரோதக் குடியேறிகள்". இந்தியரை மணந்து இருபது ஆண்டு வாழ்ந்தாலும், அந்தத் திருமணத்தைக் கொண்டு அவர்கள் குடியுரிமைக்குப் பதிய முடியாது. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கு, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் அந்நிலையில் இருந்தால் பிறப்பால் இந்தியக் குடியுரிமை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்காக நடவடிக்கை இல்லை என்று 2025இல் மத்திய அரசு விலக்களித்தது. அது ஆறுதலான செய்திதான். ஆனால் அது குடியுரிமை ஆகாது. அவர்களோடு சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துன்பப்பட்டு வந்தவரை மணப்பது நற்செயலே. பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் பெற்று, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிந்து வையுங்கள். எந்த நாட்டுக்கும் உரியதல்லாத பிள்ளையாக அது வளரக் கூடாது.

வெளிநாட்டில் நம் இந்தியத் தம்பதியருக்குப் பிறக்கும் பிள்ளையையும் ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பலர் இதை ஊர் திரும்பும்போதுதான் நினைக்கிறார்கள்.

நிர்வாகக் குழுவுடன் கலந்து பேசியதில், வெளிநாட்டுத் தொடர்புள்ள நிகாஹ்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே இரு தரப்பின் பாஸ்போர்ட், விசா நகல்களையும், வெளிநாட்டவராயின் அவர் மணமாகாதவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர் என்பதற்கான சான்றையும் பெற்றுக்கொள்வதென முடிவாகியுள்ளது. தஃப்தரில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே எழுதப்படும். ஹிஜ்ரி தேதியுடன் ஆங்கிலத் தேதியும் இடம்பெறும். நகல்களை இஷா தொழுகைக்குப் பின் என்னிடமோ செயலாளரிடமோ கொடுக்கலாம். ஷவ்வாலில் நிகாஹ் வைத்திருப்பவர்கள் ரமளான் பிறக்கும் முன்பே கொண்டு வந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.