எழுதிவைத்தலும் தொண்டே



கேரள அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் கையாளும் கணிப்பொறிகளை இயக்குவது லினக்ஸ். அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. கணிப்பொறியின் உறுப்புகளை ஏவி நடத்தும் அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதனை இன்று பல நாட்டவரும் பேணி வருகின்றனர். இத்தகைய கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அறக்கட்டளை, 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் வருகையோடு தொடங்கப்பெற்றதும் நம் திருவனந்தபுரத்தில்தான்.

இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் நாங்கள் அப்பணியில் கண்டு மகிழ்வது ஒன்றுண்டு. கெர்னலில் ஒரு வரியைத் திருத்துவோரும் அதன் காரணத்தை எழுதித் தம் பெயரைப் பொறித்தல் வேண்டும். எப்பகுதிக்கு எவர் பொறுப்பு என்னும் பட்டியலும், விளக்க ஏடுகளும் மூலநிரலுடனேயே வைக்கப்பட்டுள்ளன. ஏன் இவ்வளவு எழுத்து? காரணம் எழுதப்பெறாத வரியைப் பின்வருவோர் நீக்கவும் அஞ்சுவர்; வைத்திருக்கவும் அஞ்சுவர். செய்தவர் விலகினாலும் செயல் நிலைப்பது எழுத்தினாலன்றோ?

அவ்விளக்க ஏடுகளுள் பல சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் தமிழ் இல்லை. நிரல் எழுத வல்லார் சிலரே; ஆயினும் பொருளுணர்ந்து பிழையின்றி எழுத வல்லார் நம் குடும்பங்களில் பலர். விளக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினும், தக்கதாயின் திருத்தியவர் பெயருடன் ஏற்கப்படும்.

ஆகவே, பெற்றோர்களே! பயன்கொள்வதோடு நில்லாது பேணுவதிலும் பங்குகொள்ள நம் பிள்ளைகளைப் பழக்குவோம். ஓர் ஏட்டையேனும் நாம் கூடித் தமிழாக்குவோம்.