மலைப்பாதையில் ஒரு மருந்து

(நலவாழ்வு நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆகவே நான் பட்டறிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடிபட்ட காலோடு, நண்பர்களின் துணையோடு, நம் பினாங்கு மலைப்பாதைகளில் ஓராண்டுக் காலம் நடந்த அனுபவம் அது.

சாலையோரம் நின்றிருந்த என்மீது ஒரு மோட்டார் சைக்கிள் மோதியதில் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று என் கால் எனக்கே அந்நியமாக இருந்தது. கெண்டைச் சதை மெலிந்து, மூட்டு மரக்கட்டை போல இறுகியிருந்தது. "எலும்பு கூடிவிட்டது. இனித் தசையைத் தேற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது" என்றார் மருத்துவர்.

முப்பது ஆண்டுகளாகத் தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்தித் தண்ணீர்மலை ஏறியவன் நான். அங்கே 513 படிகள். அவ்வாண்டு அடிவாரத்தில் நாற்காலியில் அமர்ந்து, ஏறுகிறவர்களைப் பார்த்துக் கைகூப்பினேன். இனி என் வாழ்நாளில் மேலே போவேனா என்ற அச்சம் நெஞ்சை அழுத்தியது. அதைவிடக் கொடியது வீட்டுக்குள் முடங்கியதுதான். முடங்கிக் கிடப்பவனுக்குக் கால் மட்டுமா மெலிகிறது? பேச்சு குறைகிறது, உறவு குறைகிறது, கோயிலுக்குப் போகும் பழக்கமும் மெல்ல நின்றுபோகிறது.

அந்த நிலையில்தான் நான்கு நண்பர்கள் வந்தார்கள். இருவர் பணி ஓய்வு பெற்றவர்கள், ஒருவர் இளம் ஆசிரியர், மற்றொருவர் பக்கத்து வீட்டுச் சீன நண்பர். ஞாயிறுதோறும் விடியற்காலையில் என்னை அழைத்துப் போவதென்று முடிவு செய்தார்கள். அவர்கள் வகுத்த விதி ஒன்றே ஒன்றுதான்: யார் மெதுவாக நடக்கிறாரோ அவரே முன்னால் நடக்க வேண்டும். மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் நின்று காத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் உடனே புறப்படுவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது! முன்னால் விட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

முதல் இரண்டு மாதங்கள் தாவரவியல் பூங்காவில்தான் நடந்தோம். 1884ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அப்பூங்காவின் சாலைகள் பெரும்பாலும் சமதளம். ஊன்றுகோலை அடிபட்ட காலின் பக்கம் பிடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று அங்கேதான் பழகினேன். இது பலருக்குத் தெரிவதில்லை. படி வந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை மலையின்மேல் இருக்கிறது. மேலே வரை காரில் சென்று, நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடப்போம். மேடும் பள்ளமும் சிறிதளவே உண்டு. காட்டின் நிழலும் உண்டு. மாவுக்கட்டில் இருந்த கால் தசையை மட்டும் இழப்பதில்லை. தரையை உணர்ந்து நிலைகொள்ளும் திறனையும் இழந்துவிடுகிறது. சற்றே கரடுமுரடான பாதையில் நிதானமாக நடந்தபோதுதான் என் காலுக்கு அந்த உணர்வு திரும்பியது.

பிறகு கொடிமலை. ரயிலில் ஏறி, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இறங்கி, குளிர்ந்த காற்றில் உச்சிச் சாலைகளில் நடந்தோம். கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே, நோயுற்ற வெள்ளைக்கார அதிகாரிகள் உடல் தேறுவதற்கு இம்மலைக்குத்தான் வந்தார்கள். 1923இல் ரயில் ஓடத் தொடங்கும்வரை அவர்களில் பலரை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். அதை நினைத்தபடி, மலைமேல் உள்ள முருகன் கோயிலில் நின்று வணங்கினேன். அன்று நோயாளியைக் கூலிக்குச் சுமந்தார்கள். என்னை யாரும் சுமக்கவில்லை. ஆனால் நான்கு பேர் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டும் சுமைதான் அல்லவா?

எட்டாவது மாதம், பூங்கா வாசலருகே தொடங்கிக் கொடிமலை உச்சிவரை போகும் செங்குத்தான தார்ச்சாலையில் கால் வைத்தோம். மொத்தம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பாதி வழியில் ஓர் ஓய்விடம் உண்டு. அதுவரை போய்ச் சேர்ந்ததும் எனக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. உச்சி வரை போகலாம் என்றேன். ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, ஏறுவதற்கு ஆசை போதும். இறங்குவதற்குக் கால் வேண்டும். இன்றைக்கு இதோடு போதும்." அவர் சொன்னது உண்மை. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில்தான் மூட்டு மடங்க வேண்டும், தசை உடலைத் தடுத்து நிறுத்த வேண்டும். களைத்த கால் வழுக்குவதும் அப்போதுதான். சாலையின் இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து இறங்கினேன். என்னோடு அவர்களும் அப்படியே இறங்கினார்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. பதினோராம் மாதத்தில், கூட்டமில்லாத ஒரு காலைப்பொழுதில், தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறினேன். கைப்பிடியைப் பற்றியபடி, பலமுறை உட்கார்ந்து எழுந்துதான் ஏறினேன். கணுக்கால் இன்றும் மழைநாளில் வலிக்கிறது. முழுமையாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அச்சம் குணமாகிவிட்டது.

அன்பர்களே, தைப்பூசத்தில் நாம் தண்ணீர்ப் பந்தல் அமைக்கிறோம். தாகத்தோடு வருகிறவரின் சாதி, இனம் கேட்காமல் மோர் கொடுக்கிறோம். அந்த அறத்தை ஆண்டில் ஒரு நாளோடு நிறுத்த வேண்டியதில்லை. படியோரத்தில் ஒரு கைப்பிடியும், நிழலில் ஓர் இருக்கையும் அமைக்க நன்கொடை தருகிறவர், முதியோரையும் நோயுற்றோரையும் இறைவன் சந்நிதிக்குக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார். அதற்கும் வசதியில்லாதவர் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கலாம்.

உங்கள் தெருவில் மாவுக்கட்டுப் பிரித்தவர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர் யாராவது இருப்பார். அவருடைய மருத்துவர் நடக்கலாம் என்று அனுமதி தந்த பிறகு, அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சமதளத்தில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். அவரை முன்னால் நடக்கவிடுங்கள்.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் உங்கள் அனைவருக்கும் நல்ல கால்களையும், உடன் நடக்க நல்ல துணையையும் அருள்வானாக.